பழைய டீசல் வேனுக்கு டர்போ பூட்டலாமா?

பேராதனையில் கொழும்பு வீதியிலிருந்து பிரியும் ஏ5 வீதி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. புறப்படும் இடம் கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. சேரும் இடம் சுமார் 1,868 மீற்றர். டர்போ இல்லாத பழைய டீசல் வேனில் ஆட்களையோ அரிசி, உர மூட்டைகளையோ ஏற்றிக்கொண்டு இப்பாதையில் போகிறவர்களுக்கு, இரண்டாம் கியரில் எஞ்சின் திணறுவது பழகிப்போன ஒன்று.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரிகளையும் சேர்த்தால் புதிய வேனின் விலை பலருக்கு எட்டாது. எனவே, இருக்கிற எஞ்சினுக்கே ஒரு டர்போவைப் பூட்டினால் என்ன என்று யோசிப்பது இயல்பு. பூட்டலாம். ஆனால் அதை மட்டும் பூட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது.

டர்போ செய்யும் வேலை

எஞ்சினின் வலு, அது எவ்வளவு எரிபொருளை முழுமையாக எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்குக் காற்று வேண்டும். நுவரெலியாவின் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏற்றம் கூடக்கூட எஞ்சின் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையின் விசையால் டர்போவின் சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்ஃபோர்ட் மொஸ், டர்போ பூட்டிய விமான எஞ்சினைச் சுமார் 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்.

சூடுதான் பிரச்சினை

பழைய பெற்றோல் எஞ்சினுக்கு இந்த வேலை பொருந்துவது கடினம். காற்றும் பெற்றோலும் கலந்து அமுங்கும்போது நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கலாம். டீசல் எஞ்சின் காற்றை மட்டுமே அமுக்குவதால் அந்த ஆபத்து இல்லை.

டீசலில் வேறு சிக்கல். கூடுதல் காற்றால் பயன் பெற, டீசல் பம்பைத் திருகி எரிபொருளையும் கூட்ட வேண்டும். அளவு மீறினால் கரும்புகை வரும், சூடு ஏறும். ஹெட் கேஸ்கட் போகலாம், ஹெட் வெடிக்கலாம், பிஸ்டன் உருகலாம். டொயோட்டா 2எல் எஞ்சினுக்கு 2எல்-டி என்ற டர்போ வகை தனியாக இருந்ததற்குக் காரணம், உள்ளே பல பாகங்கள் மாற வேண்டியிருந்ததுதான்.

பூட்டுவதென்றால் கவனிக்க வேண்டியவை:

- அமுக்கத்தை 0.5 பார் அளவுக்குள் வைத்திருத்தல்.
- புகையின் சூட்டைக் காட்டும் மானி பொருத்துதல். 700 பாகை செல்சியஸை நெருங்கினால் அக்சிலறேற்றரிலிருந்து காலைத் தளர்த்த வேண்டும்.
- டர்போவுக்குத் தனி ஒயில் குழாயும், தடையின்றிக் கீழிறங்கும் அகலமான திரும்பு குழாயும். தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஒயில் தடைப்பட்டால் சீக்கிரமே பழுதாகும்.
- றேடியேற்றரையும் கிளச்சையும் சரிபார்த்தல்.
- ஏற்றம் ஏறி வந்ததும் உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிடுதல்.

இறக்கத்தை மறக்க வேண்டாம்

நுவரெலியாவிலிருந்து மரக்கறி பாரத்தோடு திரும்பும்போது டர்போ உதவாது. முன்பைவிடக் கூடிய பாரத்தை ஏற்றப் பழகிவிட்டால், அதே பழைய பிரேக்தான் அதையும் தாங்க வேண்டும். வலுவைக் கூட்டுகிறவர் பிரேக்குக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கத்தையும் விடக்கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன்

முதலில் கம்ப்ரஷன், இன்ஜெக்டர், எயார் ஃபில்டர், பம்ப் டைமிங் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். திணறலுக்குக் காரணம் பல வேளைகளில் இவற்றிலேயே இருக்கும். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினுக்கு டர்போ பூட்டுவது வீண் செலவு.

தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த எஞ்சினை மாற்றிப் போடுவது இன்னொரு வழி. அப்போது எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எந்த வழியானாலும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்கு 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. பம்பை அளவு மீறித் திருகிய வேன் முதலில் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.