அரியணை ஏற முயன்ற சிலுவை

இராயபுரத்திலிருந்து கடலை வலப்பக்கம் வைத்து வடக்கு நோக்கி நடப்போமானால், முதலில் கண்ணிற்படுவது இராயப்பர் மாதாகோயில். ஊருக்குப் பெயர் தந்ததே அந்த இராயப்பர்தான். காசிமேடு கடந்தால் திருவொற்றியூர். தியாகராசரும் வடிவுடையம்மனும் அங்கே குடியிருக்கின்றனர். இடையே பள்ளிவாசல்கள் உண்டு, தெருமுனை அம்மன்கள் உண்டு. அதற்கப்பால் கத்திவாக்கம், எண்ணூர், கொற்றலையாறு கடலொடு கூடும் கழிமுகம். சிலுவையும் சூலமும் பிறையும் ஒரே உப்புக்காற்றிலேதான் அங்கே துருப்பிடிக்கின்றன! 2017-லும் 2023-லும் அக்கடற்பரப்பில் எண்ணெய் பரவியபோது, எந்தக் கடவுளைக் கும்பிடுவோர் வலையானாலும் ஒன்றுபோலவே கருத்தது.

இந்த வட்டாரத்தை ஆண்ட அரசு, ஒரு மதத்தின் அரசாக மாற முனைந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியோர் யார் என்று கேட்டால், பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. தடுத்தவர்கள், பெரும்பாலும், பக்தர்கள்.

1806-இல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்து உப்புநீர்க் கால்வாய் வெட்டினர். அதற்கு ஓராண்டு முன்புதான் உப்பு வாணிபம் முழுவதையும் கும்பெனி தன் தனியுரிமையாக்கிக் கொண்டிருந்தது. எண்ணூரை அடுத்த உப்பளங்களில் வெந்து கருகிய உழைப்பாளியின் வியர்வை, கும்பெனியின் கஜானாவில் வெள்ளிப் பணமாயிற்று. அந்தக் கஜானாவிலிருந்து யாருக்குச் சம்பளம் போயிற்று? 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கல்கத்தாவில் ஒரு பிஷப்பையும், அவருக்குத் துணையாக ஆர்ச்டீக்கன்களையும், இந்திய வருவாயிலிருந்து ஊதியம் பெறும் அதிகாரிகளாக அமர்த்திற்று. 1835-இல் சென்னைக்கும் ஒரு பிஷப் வந்து சேர்ந்தார். கும்பிடாதவன் கொடுத்த வரியில் குருமார் வாழ்ந்தனர். கும்பெனி அந்நாளில் கோயில்களையும் நிர்வகித்து, திருவிழாக்களுக்குப் பட்டாளத்தின் மரியாதையும் தந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைக் கண்டித்துச் சென்னைப் படைத்தலைவர் மெயிட்லண்ட் 1838-இல் பதவி துறந்தார். அரசு எந்தக் கடவுளுக்கு ஊழியம் செய்வது என்பதே சண்டையாக இருந்ததே தவிர, எதற்கும் செய்யவேண்டாம் என்று சொன்னவர் மிகச் சிலர்.

1842-இல் ஆளுநராக வந்தார் டுவீடேல் பிரபு. பாதிரிமாருக்கு அவர் நெருங்கியவர். 1845-இல் திருநெல்வேலிச் சீமையில் புதிதாகக் கிறித்தவரானோர் மீது தாக்குதல் நடந்தது, கொடுமைதான், ஐயமில்லை. ஆனால் அந்த வழக்குகளை மேல்நீதிமன்றம் விசாரித்த முறை ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்து நின்ற நீதிபதி மால்கம் லூயின் பதவி இழந்தார். அடுத்து 1846-இல், சர்க்கார் பள்ளிகளில் விவிலியத்தையும் பாடநூலாக்கலாம் என்ற யோசனைக்கு ஆளுநரே ஆதரவு தந்தார். அரசின் பள்ளிக்கூடம், அரசின் பணம், அரசின் வேதம்!

கறுப்பர் பட்டணத்து வணிகர் ஒருவர் எழுந்தார். காஜுலு இலட்சுமிநரசு செட்டியார்; 1806-இல் பிறந்தவர்; அவுரியும் துணியும் விற்றவர். (பவுத்த அறிஞர் பொ. இலட்சுமி நரசு வேறு ஒருவர். தோழர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1844-லேயே 'கிரசண்ட்' என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கியிருந்தார் அவர். 1846 அக்டோபரில் பெருங்கூட்டம் கூட்டி, இலண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்களுக்கு விண்ணப்பம் எழுத வைத்தார். பள்ளியில் விவிலியம் புகுத்தும் யோசனையை இயக்குநர்கள் மறுத்துவிட்டனர். சென்னை வணிகர் கூட்டம் எழுதிய எழுத்து, கோட்டையிலிருந்த ஆளுநரின் கையை முடக்கிற்று.

அதோடு நின்றுவிடவில்லை அவர். 1852-இல் சென்னை சுதேசிகள் சங்கத்தை அமைத்து, வரி தண்டுவோர் குடிமக்களைச் சித்திரவதை செய்யும் கொடுமையை இலண்டன் வரை எடுத்துச் சென்றார். 1854-இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, அக்கொடுமை உண்மை என்று அடுத்த ஆண்டே ஒப்புக்கொண்டது. வேதத்தை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம், உழவனின் விரல்களைக் காக்கும் இயக்கமாக வளர்ந்தது.

ஆனால் நாம் அவருக்கு முழு மாலை சூட்ட இயலாது. மதம் மாறியவன் தன் தந்தையின் சொத்தில் பங்கிழக்கக் கூடாது என்று 1850-இல் 21-ஆம் சட்டம் வந்தபோது, அதை எதிர்த்துக் கூக்குரலிட்டதும் இதே கூட்டந்தான். ஸ்காட்லாந்துப் பாதிரிமாரின் சென்னைப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர் சேர்ந்தபோது, பிள்ளைகளை வெளியேற்றியதும் சாதி இந்துக்களே. அரசு வேதம் ஓதக்கூடாது என்றோர், அரசு சாதியைக் காக்கவேண்டும் என்றும் கேட்டனர். முன்னது நீதி, பின்னது அநீதி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட அவர்களால் முடிந்திருக்கிறது!

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம், குடிகள் மீது தன் மதத்தைத் திணிக்கும் எண்ணம் இல்லை என்றது. எனினும் குருமார் சம்பளம் நிற்கவில்லை. அதை நிறுத்தக் கிறித்தவர்களே கிளம்ப வேண்டியிருந்தது.

அவர்களுள் ஒருவர் வெங்கல் சக்கரைச் செட்டியார். கிறித்தவக் கல்லூரி மாணவர், வழக்கறிஞர், 1903-இல் ஞானஸ்நானம் பெற்றவர். சிங்காரவேலரும் திரு.வி.க.வும் உழைத்த தொழிலாளர் இயக்கத்தில் தாமும் உழைத்தவர். 1941-இல் சென்னை மேயர். பின்னர் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர். வெள்ளையரின் சபையும் வெள்ளையரின் சாம்ராஜ்யமும் ஒன்றல்ல என்று, அவரும் அவருடைய மைத்துனர் செஞ்சையாவும் விடாது எழுதினர். 1938 டிசம்பரில் உலகத்து மிஷன்கள் தாம்பரத்தில் கூடியபோது, இந்தக் குழுவினர் எழுதிய நூல் அவர்கள் மேசையிலே மறுப்பாகக் கிடந்தது.

மற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1930 மார்ச் முதல் நாள், இந்திய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்துச் சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. அதே மாதம் 12-ஆம் நாள் காந்தியார் உப்பெடுக்கப் புறப்பட்டார். சட்டமறுப்பைக் கிறித்தவ நெறிக்கு மாறானதென்றார் கல்கத்தாப் பெருமான் வெஸ்ட்காட். குமரப்பா அவருக்கு எழுதினார்: நிராயுதபாணிகளின் தலையில் தடி விழும்போது கிறித்துவின் சீடர் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதே அவர் கேள்வி. எழுதியவரைச் சிறை அழைத்துக்கொண்டது. எந்த உப்பின் வரியில் பிஷப்புகள் வாழ்ந்தார்களோ, அந்த உப்புக்காகவே ஒரு கிறித்தவர் பிஷப்பை எதிர்த்தார்.

கடல் கடந்தும் இக்கதை உண்டு. 1801-இல் அமெரிக்காவின் டான்பரி நகர்ப் பாப்டிஸ்டுகள், சிறுபான்மைச் சபையினர், தங்கள் மதவுரிமை அரசின் சலுகையாக இருப்பதாக ஜெபர்சனிடம் முறையிட்டனர். சபைக்கும் அரசுக்கும் இடையே மதில் வேண்டும் என்ற அவரது புகழ்பெற்ற விடை, அந்தப் பக்தர்களுக்கு எழுதப்பட்டதே. 1934 மே மாதம் ஜெர்மனியில், இட்லருக்குச் சேவகம் செய்த 'ஜெர்மன் கிறித்தவர்'களை எதிர்த்துப் பார்மெனில் கூடினர் சிலர். பான்ஹோபர் 1945 ஏப்ரலில் தூக்கிலேறினார். 2019-இல் அமெரிக்கப் பாப்டிஸ்டுகளின் கூட்டுக் குழு, பிற சபையினரையும் சேர்த்துக் கிறித்தவ தேசியத்துக்கு எதிராக அறிக்கை விடுத்துக் கையொப்பம் திரட்டிற்று. ஒன்றரை ஆண்டில், 2021 சனவரி 6 அன்று, சிலுவை தூக்கிய கும்பல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் புகுந்தது.

நம் அரசியல் நிர்ணய சபையில், 1949 மே மாதம், மத அடிப்படையிலான தனி இடங்களை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தோரில் கிறித்தவப் பிரதிநிதிகள் முன்னணியில் நின்றனர். சென்னையின் ஜெரோம் டிசௌசா பாதிரியார் அவர்களுள் ஒருவர். பதிலுக்குக் கிடைத்ததென்ன? 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துவாக இருப்பவரே பட்டியல் வகுப்பினர் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிமும் சேர்க்கப்படவில்லை. மதம் மாறினால் உரிமை போகாது என்றது 1850-ஆம் ஆண்டின் அந்நியன் சட்டம். போகும் என்றது நூறாண்டு கழித்து வந்த சுதேசி ஆணை. ஒருவனுடைய வழிபாட்டைப் பார்த்து உரிமையை அளக்கும் கோல், டுவீடேல் பிரபுவின் கையிலிருந்து வேறு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

2004-லிருந்து அவ்வாணைக்கு எதிரான மனுக்கள் உச்சநீதிமன்றம் ஏறின. 2022-இல் ஓர் ஆணையம் அமைந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுச் சபையினரும், நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் பழித்தவர்கள், ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாகச் சேர்ந்து கடைப்பிடித்து வருகின்றனர். மாதாகோயிலுக்குள்ளேயே கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்தவர்கள் எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்றும் நாம் கேட்கத்தான் செய்வோம். கேட்டுக்கொண்டே அவர்களோடு நிற்பதில் நமக்குத் தடையில்லை.