சுவிசேஷம்

ஜவளகிரிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். கிறிஸ்தவ ஊழியர் தெலுங்கிலும் கன்னடத்திலும் 'சுவார்த்தை'யை அறிவிக்கிறார். தமிழுக்கு வந்தால் 'சுவிசேஷம்'. வார்த்தை என்றால் அந்த மொழிகளில் செய்தி.

'சு' நல்லது. விசேஷம் என்றால் சிறப்பு, ஆனால் "என்ன விசேஷம்?" என்று நாம் கேட்பது சேதியைத்தான். (புதுப்பெண்ணிடம் கேட்டால் பொருளே வேறு!) மலையாளத்திலும் சுவிசேஷம்தான்.

மூலம் கிரேக்க 'யுவாங்கெலியோன்'. ஹோமர் காலத்தில் அது நற்சேதி கொண்டுவந்தவனுக்குத் தரும் பரிசைக் குறித்தது. பிறகுதான் சேதிக்கே பெயரானது. கி.மு. 9-ஆம் ஆண்டின் பிரியேனே கல்வெட்டு, அகஸ்டஸ் பேரரசரின் பிறப்பை இச்சொல்லால் கொண்டாடுகிறது. இதே சொல்லைத் திருச்சபை இயேசுவின் செய்திக்கும் எடுத்துக்கொண்டது.

தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சிட்டது 1714-இல். சீர்திருத்த சபையார் இன்றும் சுவிசேஷம் என்கிறார்கள்; 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது 'நற்செய்தி'. எனக்குப் பின்னதே தெளிவு. ஆனாலும் அறிவிப்பவரை 'சுவிசேஷகர்' என்று ஒரே சொல்லில் அழைத்துவிடலாம். 'நற்செய்தியாளர்' என்றால் பத்திரிகை நிருபரோ என்று தோன்றுகிறது.