எங்கிருந்து அளப்பது?

வில்லியனூர் கூட்டுரோட்டில் ஓர் இரவு பதினொன்றே கால் மணிக்கு வேன் ஒன்று நின்று, ஐந்து பெண்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களில் ஒருத்தி என் மாணவி. இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. பாகூர் ஏரிக்கரையில் நடந்த ஒரு படப்பிடிப்பில் கூட்டத்தில் நிற்கப் போயிருந்தாள். விடிகாலை நான்கரை மணிக்கு அவர்களைத் தெருமுனையிலேயே வந்து ஏற்றிக்கொண்ட வேன், இரவில் கூட்டுரோட்டோடு நின்றுவிட்டது. “இதுவரைக்கும்தான் பேச்சு” என்றாராம் ஓட்டுநர். அங்கிருந்து அவர்களுடைய ஊர் நான்கு கிலோமீட்டர். வழியில் பாதித் தூரத்துக்கு விளக்கு கிடையாது.

நடந்தே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அவளுடைய அப்பா மூன்று வாரம் அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. “சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று போய்ப் பாரேன்” என்று அவளிடம் சொன்னவள் நான்தான். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“நூறு நாள் வேலைல அஞ்சு கிலோமீட்டர் தாண்டுனா கூலில பத்துக்கு ஒண்ணு சேத்துக் குடுக்கணும்னு இருக்கு டீச்சர். சினிமாக்காரங்களுக்கு அந்த மாதிரி கணக்கு ஒண்ணும் கிடையாதா?”

உண்டு. பல பத்தாண்டுகளாகவே உண்டு. அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பிரச்சினை. அந்த நான்கு கிலோமீட்டருக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் ஹாலிவுட்டில் இந்த அளவுக்கு ஒரு வட்டமே வரைந்து வைத்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒரு தெருச் சந்திப்பை மையமாகக் கொண்ட வட்டம் அது. 1930களில் அதன் ஆரம் ஆறு மைல். 1970 வாக்கில் முப்பது மைலாக, அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டராக விரிந்தது. வட்டத்துக்குள் வேலை என்றால் உள்ளூர். தாண்டினால் பயணத்துக்கும் தங்குவதற்கும் தனிக் கணக்கு. தொழிற்சங்கங்களும் தயாரிப்பாளர்களும் பேசி முடிவு செய்த கோடு இது. தொழிலாளி தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு போகிற தூரமும் வேலையின் ஒரு பகுதி என்பது இந்தக் கோட்டுக்குள் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

நம்முடைய கதையில் தூரத்துக்கு இன்னும் பழைய விதி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், முந்நீர்ப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்கிறது. முந்நீர் என்பது கடலா, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று காரணப் பிரிவுகளா என்பதில் உரைகாரர்கள் வேறுபடுவார்கள். எந்த உரையை எடுத்தாலும் பயணம் போகிறவன் ஆண், காத்திருப்பவள் பெண். இதை வகுப்பில் இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். அகப்பாடல்களில் வெளியேறும் பெண்களும் உண்டு. உடன்போக்கில் தலைவனோடு போகிறாள். அவளைத் தேடிச் செவிலி போகிறாள். வேலைக்காகப் போகிற பெண்ணுக்கு அகத்தில் ஒரு துறை இல்லை.

தமிழ்ப் பேசும்படம் தொடங்கியதே பெண்ணின் தொலைதூரப் பயணத்தில்தான். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டது. அதில் நடிக்க டி.பி. ராஜலட்சுமி ரயிலேறிப் போனார். சென்னையில் அப்போது ஒலிப்பதிவு செய்யும் ஸ்டூடியோ இல்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குத் தமிழ் நடிகைகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய் மாதக்கணக்கில் தங்கி நடித்தார்கள். 1934இல் சென்னையில் சீனிவாசா சினிடோன் வந்தது. அதை நிறுவிய ஏ. நாராயணனின் மனைவி மீனாட்சி நாராயணன் ஒலிப்பதிவைக் கையில் எடுத்தார். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1936இல் ராஜலட்சுமியே ‘மிஸ் கமலா’வை இயக்கினார். ஸ்டூடியோ ஊருக்குள் வந்தபோது பெண்களின் கை காமிராவுக்குப் பின்னாலும் நீண்டதைக் கவனியுங்கள். இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது. என்றாலும் தூரம் குறைவது பெண்ணுக்கு என்ன செய்யும் என்று யோசிக்க வைக்கிறது.

பிறகு நாற்பது ஆண்டுகள் கோடம்பாக்கமே உலகம். கிராமத்தை அட்டையிலும் சாந்திலும் கட்டி எடுத்தார்கள். 1977இல் வந்த ‘16 வயதினிலே’வின் வெற்றிக்குப் பிறகு காமிரா அசல் கிராமங்களைத் தேடி அலையத் தொடங்கியது. வயலும் ஏரியும் தேரும் மட்டுமல்ல, நாற்று நடும் பெண்களும் அந்த இடத்திலேயே கிடைத்தார்கள்.

கோடம்பாக்கத்துக்கு அதன் அளவுகோல்கள் உண்டு. எட்டு மணி நேரம் ஒரு கால்ஷீட். நேரம் நீண்டால் ஒன்றரை, இரண்டு என்று எண்ணுவார்கள். வெளியூர் என்றால் பேட்டா, தங்குமிடம், சாப்பாடு. இவற்றைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் பெற்றார்கள். 1981இல் திரைப்படத் தொழிலாளர்களுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர் உட்பட ஒவ்வொரு தொழிலாளியோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றது அது. 2020இல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது.

என் மாணவி கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லை. பாகூர் ஏரிக்கரையில் அவளுக்குத் தலைவாரிவிட்ட பெண் சாலிகிராமத்திலிருந்து வந்தவர். அவருக்கு வெளியூர்ப் பேட்டா உண்டு. என் மாணவி உள்ளூர். அவளுக்குக் கணக்கு பூஜ்ஜியம் கிலோமீட்டரிலிருந்து. கோடம்பாக்கத்திலிருந்து அளந்தால் பாகூர் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். வில்லியனூருக்கு அப்பாலிருக்கும் அவள் வீட்டிலிருந்து அளக்க யாருக்கும் தோன்றவில்லை. பதினெட்டு மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாய். அதில் நூறு ஏஜென்ட்டுக்கு. வேனில் போன நேரமும், ஷாட்டுக்காகக் காத்திருந்த நேரமும் யார் கணக்கிலும் இல்லை.

சங்கத்தின் விதியே பெண்ணுக்கு எதிராக நின்றதும் உண்டு. மும்பையின் ஒப்பனைக் கலைஞர்கள் சங்கம் ஆண்களுக்கு மட்டுமே ஒப்பனைக் கலைஞர் அட்டை கொடுத்தது. பெண்கள் தலை அலங்காரம் மட்டும் செய்யலாம். மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே ரத்து செய்தது. நீ பெண், நீ வெளியூர் என்ற இரண்டு தடைகளும் ஒரே விதிப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை மாணவிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பணியிடம் எது என்று விளக்கும் இடத்தில், வேலையின் பொருட்டுப் போகிற இடமும், அதற்காக முதலாளி தருகிற வாகனமும் பணியிடமே என்கிறது அது. அதாவது அந்த வேனும் ஒரு பணியிடம். 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை, வேலைக்காகத் திருச்சூரிலிருந்து கொச்சிக்குக் காரில் போகும் வழியில்தான் தாக்கப்பட்டார். அதற்குப் பிறகே அங்கே திரைப்படப் பெண்கள் ஒன்றுகூடி அமைப்பு கண்டார்கள். நீதிபதி ஹேமா குழு அமைக்கப்பட்டது. 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் பொதுவெளிக்கு வந்தது. படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பதாக அதில் படித்தபோது என் மாணவி சொன்னது நினைவுக்கு வந்தது. “காலைல ஒரு டீ குடிச்சதோட சரி மேடம்” என்றிருந்தாள்.

எங்கள் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ராஜலட்சுமி இயக்குநரான அதே ஆண்டில் உயிர் கொடுத்து வாங்கிய எட்டு மணி நேரம், பதினெட்டு மணி நேரம் நின்ற பெண்ணை எட்டவில்லை.

பாகூருக்குப் பழைய பெருமையும் ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பல்லவர் காலத்தில் நிலம் கொடுக்கும்போது எல்லையை நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டுக் காட்டுவார்கள். அப்படி நடந்து பார்த்த எல்லைக்குள் உழைத்த பெண்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று செப்பேட்டில் இல்லை. இன்றும் புதுச்சேரிக் கொம்யூன்களும் தமிழகக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. வேன் எல்லையைத் தாண்டித் தாண்டித்தான் போகிறது. ஏதாவது நடந்தால் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது என்பதே பெண்ணுக்கு முதல் கேள்வியாகிவிடும்.

அன்று திண்ணையில் அந்த அம்மா கேட்டதற்கு இதையெல்லாம் நான் பதிலாகச் சொல்லவில்லை. ஐந்து கிலோமீட்டர் விதியை அவரே விளக்கினார். ஊரிலிருந்து அளப்பார்களாம், வேலை நடக்கும் இடத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ இல்லை. எனக்கு வேண்டிய பதிலும் அதுதான். அந்த விதி போட்ட கூலியும் சொற்பம், அதையும் தாமதமாகத்தான் தருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அளவுகோலின் முனையைப் பெண்ணின் வீட்டு வாசலில் வைத்த விதி அது. அதனால்தான் அவர் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்.

அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து ஒரு நோட்டுத்தாளில் நான்கு வரி எழுதினோம். வேன் ஏறும் நேரத்திலிருந்து இறங்கும் நேரம் வரை வேலை. ஏற்றிய இடத்திலேயே இறக்க வேண்டும். கழிப்பறை வேண்டும். பணம் அவரவர் கையில். அடுத்த முறை ஏஜென்ட் வந்தபோது என் மாணவியின் அம்மாதான் அதைப் படித்துக் காட்டினார். அவர் சிரித்துவிட்டுப் போனாராம். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது வேன் இரவிலும் தெருமுனை வரை வருகிறது. பணம் கைக்கு வருகிறது. கழிப்பறைக்கு ஏரிக்கரைக்கு அருகே ஒரு வீட்டில் சொல்லி வைக்கிறார்கள். நேரக் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

என் மாணவி பட்டம் முடித்துவிட்டாள். அந்த நோட்டுத்தாள் அவளிடம்தான் இருக்கிறது. முதல் வரியை அடித்துவிடலாமா என்று ஏஜென்ட் கேட்டபோது, இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாளாம்.