பயன் ஆய்ந்த கொடையும் தொழில் தேர்வும்: பவானியும் கொங்குநாடும்

பயன் ஆய்ந்த கொடை என்பது, கையில் உள்ள பணமும் உழைப்பும் எங்கே சென்றால் மிகுதியான நன்மை விளையும் என்று கணக்குப் பார்த்து வழங்கும் முறை. எந்த வேலைக்குப் போவது என்ற முடிவும் இதில் அடங்கும். நாற்பது ஆண்டுக் காலம் ஒருவர் செய்யும் வேலை, அவர் வாழ்நாளில் எழுதும் எல்லா நன்கொடைக் காசோலைகளையும்விடப் பெரிய கொடையாகிவிடக்கூடும். மேலைநாட்டில் இது இருபத்தொன்றாம் நூற்றாண்டில் ஓர் இயக்கமாகத் திரண்டது. காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரையும் அதைச் சூழ்ந்த கொங்குநாட்டையும் எடுத்துக்கொண்டால், இந்தக் கேள்விக்கு வாய்க்காலாகவும் அறக்கட்டளையாகவும் மருத்துவமனையாகவும் விடை சொன்னவர்கள் பலர்.

கருத்தின் தோற்றம்

ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர், வங்கதேச அகதிகளின் பட்டினியை முன்வைத்து எழுதிய கட்டுரை 1972இல் வெளிவந்தது. கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பது கடமை என்றால், தொலைவில் பசியால் சாகும் குழந்தையைக் காப்பதும் கடமைதான் என்பது அவர் வாதம். 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய கிவ்வெல் நிறுவனம் தொண்டு அமைப்புகளின் செலவையும் விளைவையும் எடைபோட்டு வெளியிட்டது. மலேரியாவுக்கான கொசுவலை, வைட்டமின் ஏ சொட்டு மருந்து போன்றவற்றின் வழியே சில ஆயிரம் டாலரில் ஓர் உயிரைக் காக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. 2009இல் டோபி ஓர்ட், வில்லியம் மெக்கஸ்கில் ஆகியோர் ஆக்ஸ்போர்டில், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக உறுதி ஏற்கும் சங்கத்தைத் தொடங்கினர். 2011இல் தொழில் தேர்வுக்கென்றே எயிட்டி தவுசண்ட் ஹவர்ஸ் என்ற அமைப்பு உருவானது. வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு என்று பெருக்கினால் வரும் 80,000 மணி நேரமே அதன் பெயர்.

இவ்வியக்கத்தார் ஒரு துயரை மூன்று கோணத்தில் பார்க்கிறார்கள்: அது எவ்வளவு பேரைத் தாக்குகிறது, நம்மால் தீர்க்க முடியுமா, ஏற்கெனவே எத்தனை பேர் அதைக் கவனிக்கிறார்கள். மூன்றாவதைத்தான் நம் ஊர்க் கொடையாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆடி அமாவாசையன்று பவானியில் ஆறுகள் கலக்கும் கூடுதுறையில் அன்னதானம் செய்ய முன்வருவோர் பலர். அதே தொகை, பவானிக்கு வடக்கே பர்கூர் மலையில் ஒரு பிள்ளையின் படிப்புக்கோ பிரசவத்துக்குப் போகும் வண்டிக்கோ சென்றால் அங்கே அது மட்டுமே உதவியாக இருக்கக்கூடும். அன்னதானத்தின் பெருமை இதனால் குறைவதில்லை. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு கொடுப்பவருக்கு உண்டு.

காலிங்கராயன் வாய்க்கால்

பவானியாறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அதன் குறுக்கே நிற்பது காலிங்கராயன் அணை. அதிலிருந்து பிரியும் வாய்க்கால் காவிரியின் வலப்புறமாக ஈரோடு, மொடக்குறிச்சி, கொடுமுடிப் பகுதிகளைக் கடந்து நொய்யலை அடைகிறது. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். பாசனப் பரப்பு 15,000 ஏக்கருக்கு மேல். நெல்லும் கரும்பும் வாழையும் ஈரோட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த மஞ்சளும் இந்த நீரில் விளைபவை. வெள்ளோட்டை அடுத்த கனகபுரத்துச் சாத்தந்தை கூட்டத்தைச் சேர்ந்த லிங்கையன், பாண்டியரிடம் அதிகாரியாக உயர்ந்து காலிங்கராயன் என்ற பட்டம் பெற்று, பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை வெட்டினார் என்பது வரலாற்று மரபு. வேலை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்ததாகச் சொல்வர்.

வாய்க்கால் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து செல்கிறது. பவானிக்கு அருகே கோணவாய்க்கால் என்று ஓர் ஊரே உண்டு. பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டியதாக ஊரார் கதை சொல்கிறார்கள். நீர் விசை குறைந்து மெல்ல ஓடவும், வழியில் கூடுதலான நிலத்துக்குப் பாயவும் இந்த வளைவுகள் உதவுகின்றன. அவர் ஒரு கோயில் கட்டியிருக்கலாம், ஒரு சத்திரம் எழுப்பியிருக்கலாம். ஆண்டுதோறும் தானே விளைந்து கொடுக்கும் ஒன்றில் உழைப்பைப் போட்டது இங்கே கவனிக்கத்தக்கது. 1955இல் பவானிசாகர் அணை முடிந்த பிறகு வாய்க்காலுக்கு அங்கிருந்தே நீர் திறக்கப்படுகிறது. புதிய அணை வந்தும் பழைய தடம் கைவிடப்படவில்லை.

தன் நிலத்துக்கு நீர் கொண்டுவரவே இவர் வாய்க்கால் வெட்டினார் என்று பழி பேசப்பட்டபோது, தாமும் தம் வழியினரும் இந்த நீரால் பயன் பெறுவதில்லை என்று காலிங்கராயன் உறுதி செய்து, பொள்ளாச்சியை அடுத்த ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்கிறது மரபு. கொடுப்பவரின் ஆதாயமும் பெறுபவரின் நன்மையும் ஒரே கணக்கில் கலந்துவிடக்கூடாது என்பதற்கு இதைவிடக் கடுமையான ஏற்பாடு வேறு இல்லை. இன்றைய அறக்கட்டளைகள் சட்ட விதிகளால் செய்ய முயல்வதை அவர் ஊரையே விட்டுப் போய்ச் செய்ததாக மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஈட்டிக் கொடுத்தல்

கோவை பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, அறத்தை ஐந்தாவது உடன்பிறப்பாகக் கருதி ஒரு பங்கை ஒதுக்கினர். 1926இல் 2.01 லட்ச ரூபாயில் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவானது. அத்தொகை தொழிற்பயிற்சியிலும் கல்வியிலும் முதலீடாகி, 1947இல் கலைக் கல்லூரியாகவும் 1951இல் பொறியியல் கல்லூரியாகவும் 1985இல் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. கோவையைப் பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற ஊராக்கிய கைகளில் பல இங்கே பயின்றவை.

சாந்தி கியர்ஸ் நிறுவனத்தை வளர்த்த பி. சுப்பிரமணியம் இன்னொரு வகை. 1996இல் அவர் சிங்காநல்லூரில் தொடங்கிய சாந்தி சோஷியல் சர்வீஸ், குறைந்த விலை உணவகம், மருந்தகம், பரிசோதனைக்கூடம், டயாலிசிஸ் என்று விரிந்தது. 2012இல் அவருடைய நிறுவனம் முருகப்பா குழுமத்தின் கைக்கு மாறியது. அவர் தொண்டிலேயே நின்றார். விளம்பரத்தை ஒதுக்கியவர்; 2020இல் மறைந்தார். நன்றாகச் சம்பாதித்து அதைக் கொடுப்பதே பொருத்தமான வழி என்று சிலருக்கு அமைவதை மேலைநாட்டார் கோட்பாடாகச் சொல்லும் முன்பே இவர் வாழ்ந்து காட்டினார்.

கண் மருத்துவம்

ஒரு ரூபாய்க்கு எவ்வளவு நன்மை என்று கேட்டால், கண்புரை அறுவை உலக அளவில் முன்வரிசையில் நிற்கும். மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அறுவை செய்தவர் அவர். 1997இல் கோவையிலும் அரவிந்த் வந்தது. அரவிந்தில் ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைக் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுப் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் செலுத்துவோரின் பணம் செலுத்த இயலாதோரின் செலவைத் தாங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது சுமார் 100 டாலர். 1992இல் அரவிந்த் தொடங்கிய அரோலேப் ஆலை அதைச் சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தது.

அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை என்பதை அரவிந்த் ஆரம்பத்திலேயே கண்டது. பஸ் கூலி, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி ஆகியவை வழிமறித்தன. கண் பரிசோதனை முகாமிலிருந்து வண்டியில் அழைத்துப்போய், உணவளித்து, திரும்பக் கொண்டுவந்து விட்டபோது வருவோர் கூடினர். கொடையாளர் எவரும் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்: பயன், சேவையின் விலையில் மட்டும் தங்கியிருப்பதில்லை.

கோவையில் ஆர். வி. ரமணி, ராதா ரமணி தம்பதியர் 1977இல் மருத்துவத் தொண்டில் இறங்கி, 1985இல் சங்கரா கண் மருத்துவமனையைத் தொடங்கினர். நூற்றுக்கு எண்பது பேருக்கு இலவசம், இருபது பேரிடம் கட்டணம் என்பது அதன் ஏற்பாடு.

வேலையைத் தேர்தல்

ஒரு வேலையை மற்றவரும் இதே தரத்தில் செய்வார் என்றால், நாம் அதில் இருப்பதால் உலகம் பெறும் கூடுதல் நன்மை குறைவு. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் சிட்டிலிங்கிக்கு 1993இல் வந்த மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் இதற்கு எடுத்துக்காட்டு. நகரத்து மருத்துவமனையில் அவர்கள் இடத்தை வேறொருவர் உடனே நிரப்பியிருப்பார். சிட்டிலிங்கியில் நிரப்ப ஆள் இல்லை. அங்கே ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்த நிலை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றியதால் இருபதை ஒட்டி இறங்கியது.

எண்ணில் அடங்காத பயனும் உண்டு. மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், அவினாசிலிங்கம் செட்டியார் நிறுவிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1948இல் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. எத்தனை உயிர், எத்தனை நலவாழ்வு ஆண்டு என்று இதை எந்த அட்டவணையிலும் சேர்க்க முடியாது. கணக்குப் பார்ப்போரின் குறையாக நான் காண்பது இதையே: அளக்க எளிதானதையே அவர்கள் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்.

தீங்கின் கணக்கு

ஈட்டிக் கொடுக்கும் கொள்கையின் மிகப் பெரிய முகமாக இருந்த சாம் பாங்க்மன்-ஃபிரைடின் கிரிப்டோ நாணயச் சந்தையான எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் சரிந்தது. வாடிக்கையாளர் பணத்தை மோசடி செய்ததற்காக 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நன்மைக்காக என்று ஈட்டுவது எவ்வழியில் ஈட்டினாலும் சரியாகிவிடாது என்பதை இயக்கமே வெளிப்படையாக எழுத நேர்ந்தது.

ஈட்டும் வழியே தீங்காவதைக் கொங்குநாடு தண்ணீரில் கண்டது. தோல் ஆலைகள், சாயப்பட்டறைகளின் கழிவு காலிங்கராயன் வாய்க்காலில் இறங்கியதால், அதைத் தனியே கொண்டுசெல்லப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் கட்ட வேண்டியதாயிற்று. பாசனத்துக்கென எழுந்த நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமானது; 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றில் கழிவை விட்டுக்கொண்டே பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தருபவரின் கொடையில், மஞ்சள் காட்டுக்காரரின் இழப்பை முதலில் கழிக்க வேண்டும். சுத்திகரிப்பு இயந்திரத்துக்குச் செலவழிக்கும் ரூபாய், ஊரில் வேறெந்த நன்கொடைக்கும் முன்னே நிற்கிறது.

சட்டமும் எல்லையும்

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. எனவே பெரிய ஆலைகள் உள்ள கோவை, திருப்பூர்ப் பக்கம் இந்தப் பணம் தேங்குவது இயல்பு. ஜமக்காள நெசவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற பவானியின் தறிக்காரரும் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. பர்கூர், தாளவாடி மலைகளில் அத்தகைய பெரிய ஆலைகள் இல்லை. அங்கே போக வேண்டிய பணத்தைத் தனி ஆட்கள்தான் தேர்ந்து அனுப்ப வேண்டியிருக்கிறது.