துண்டுச் சீட்டும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், வேலை தொடங்குமுன்னரே கடனாளிகளாயினர். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணமே அக்கடனாகும். கடன் கொடுத்தவனே வேலைவாங்குபவனாகவும் இருந்தமையால், அதனை அறவிட அவனுக்கு வேறோர் அதிகாரம் வேண்டப்படவில்லை. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியோரைச் சிறையிலிட இடமளித்த 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அவனுக்குத் துணையாயிற்று.

வேறு தோட்டஞ் செல்ல விழைந்தோருக்கு, அவர்தங் கடன்தொகையைக் குறித்த 'துண்டு' எனுஞ் சீட்டு வழங்கப்பட்டது. அத்தொகையைச் செலுத்திய தோட்டமே அவர்களைப் பெற்றது. கடன் தீரவில்லை, கடன் கொடுத்தவரே மாறினர். ஆளுடன் கடனும் கைமாறிய இம்முறை, 1921 ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

எனினும் சீட்டு ஒழிந்ததே தவிர, கடன் ஒழிந்திலது. 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம், வைப்புப் பெற்றுக் கடன் வழங்குங் கம்பெனிகளையே உரிமத்துக்கு உட்படுத்தியது. கடன் மாத்திரங் கொடுத்தோர் அதன் வரம்புக்குப் புறம்பாயினர். இல்லந்தோறும் வந்து தவணை கேட்போரின் அதிகாரம் யாதென வினவுதல், ஆதலின், இன்றியமையாததாகும். அன்று கங்காணியிடம் அவ்வினாவை எழுப்பத் தொழிலாளருக்கு வழியிருந்திலது. இன்று அவ்வழி உண்டென்பதை லயத்துக் குடும்பங்கள் அறிதல், கற்றோர் கடமையுமாம்.