சன் ஹியூங்-மின்: ஒரு தங்கப் பதக்கம் காப்பாற்றிய கால்பந்து வாழ்க்கை! தென் கொரிய ராணுவ விதி சொல்வது என்ன?

2018 செப்டம்பர் 1. இந்தோனேசியாவின் போகோர் மாவட்டத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். தென் கொரியாவும் ஜப்பானும் மோதுகின்றன. 90 நிமிடம் முடிந்தும் ஒரு கோல்கூட விழவில்லை.

தென் கொரிய கேப்டன் சன் ஹியூங்-மின்னுக்கு அப்போது 26 வயது. இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் அணியில் நட்சத்திர வீரர். அவருக்கு இது வெறும் இறுதி ஆட்டம் கிடையாது. ஜெயித்தால் லண்டனுக்குத் திரும்பி விளையாடலாம். தோற்றால், சில ஆண்டுகளில் பந்தை வைத்துவிட்டு துப்பாக்கியைத் தூக்க வேண்டியிருக்கும்.

கோடிகளில் சம்பளம் வாங்கும் ஒரு வீரர் எதற்காக ராணுவத்துக்குப் போகணும்? ஒரு பதக்கத்தால் அதை எப்படித் தடுக்க முடிந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த சன்?

1992 ஜூலை 8-ம் தேதி தென் கொரியாவின் சுன்சியோன் நகரில் பிறந்தவர். அப்பா சன் வூங்-ஜுங் முன்னாள் கால்பந்து வீரர். காயத்தால் 30 வயதுக்கு முன்பே ஆட்டத்தை விட்டவர். மகன்களுக்கு அவரே பயிற்சியாளர் ஆனார். ரொம்பக் கண்டிப்பானவர். சனும் அண்ணனும் ஒருமுறை சண்டை போட்டதற்குக் கிடைத்த தண்டனை, பந்து தரையில் விழாமல் நான்கு மணி நேரம் தட்டிக்கொண்டே இருப்பது! இதை சன் தன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

16 வயதில், 2008-ல், கொரிய கால்பந்து சங்கத்தின் இளையோர் திட்டம் மூலம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார். ஜெர்மன் மொழி தெரியாது. ஆனால் 2010 அக்டோபரில், 18 வயதில், கொலோன் அணிக்கு எதிராக பண்டஸ்லிகாவில் முதல் கோல் அடித்துவிட்டார். 2013-ல் பேயர் லெவர்குசன், 2015-ல் டோட்டன்ஹாம் என அடுத்தடுத்து பெரிய அணிகள். டோட்டன்ஹாம் கொடுத்த தொகை சுமார் 2.2 கோடி பவுண்டு. அதுவரை எந்த ஆசிய வீரருக்கும் இவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை.

முதல் சீசன் அவ்வளவு சுலபமாக இல்லை. 2016-ல் ஜெர்மனிக்கே திரும்பிவிடலாம் என்று பயிற்சியாளர் பொச்செட்டினோவிடம் கேட்கும் அளவுக்குப் போனார். ஆனால் அங்கேயே இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரீமியர் லீக்கின் மாதத்தின் சிறந்த வீரர் விருது கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. ஒரு கடிகாரம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

ராணுவ விதி என்ன?

வட கொரியாவுடனான போர் 1953-ல் போர் நிறுத்தத்தோடு நின்றது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால் உடல் தகுதியுள்ள ஆண்கள் எல்லோருக்கும் தென் கொரியாவில் ராணுவ சேவை கட்டாயம். 2018 நிலவரப்படி தரைப்படையில் சுமார் 21 மாதம். பொதுவாக 28 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு கிடைக்க இரண்டே வழிகள்தான்:

- ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம். தங்கம், வெள்ளி, வெண்கலம் எதுவானாலும் சரி.
- ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். வெள்ளி வாங்கினால் விலக்கு கிடையாது.

கவனிக்க: இந்தப் பட்டியலில் உலகக் கோப்பை இல்லை. ஆசியக் கோப்பையும் இல்லை. 2002 உலகக் கோப்பையில் தென் கொரியா அரையிறுதி வரை போனபோது மட்டும் அந்த அணிக்குச் சிறப்புச் சலுகை தரப்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டில் விளையாடிய பார்க் ஜி-சங் அப்படித்தான் விலக்கு பெற்றார். பிறகு அந்தச் சலுகை தொடரவில்லை.

சனுக்கு முந்தைய தலைமுறை நாயகன் சா பும்-குன்னைக்கூட இந்த விதி விடவில்லை. 1978-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அணிக்குப் போனவர், ஒரே ஒரு லீக் ஆட்டம் ஆடிவிட்டு, மீதமிருந்த ராணுவ சேவையை முடிக்க ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதை முடித்துவிட்டு 1979-ல் மறுபடியும் ஜெர்மனிக்குப் போய், பண்டஸ்லிகாவில் 98 கோல் அடித்தார்.

ராணுவத்தில் இருந்துகொண்டே விளையாடவும் ஒரு வழி உண்டு. ராணுவத்துக்கென்றே சாங்மு என்ற அணி கொரிய லீக்கில் ஆடுகிறது. ஆனால் பிரீமியர் லீக்கின் உச்சத்தில் இருக்கும் ஒருவருக்கு, ஐரோப்பாவை விட்டு ஒன்றரை, இரண்டு ஆண்டு விலகினால் அதே இடம் திரும்பக் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

நழுவிப்போன மூன்று வாய்ப்புகள்

2012 லண்டன் ஒலிம்பிக்: தென் கொரியா ஜப்பானை வீழ்த்தி வெண்கலம் வென்றது. அணிக்கே விலக்கு கிடைத்தது. ஆனால் அந்த அணியில் சன் இல்லை.

2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டு: சொந்த மண்ணில் தென் கொரியா தங்கம் வென்றது. சனை அனுப்ப லெவர்குசன் மறுத்துவிட்டது. ஆசிய விளையாட்டு ஃபிஃபாவின் சர்வதேச ஆட்ட நாட்காட்டியில் வராது. அதனால் வீரரை அனுப்பியே தீர வேண்டும் என்று எந்த அணியையும் கட்டாயப்படுத்த முடியாது.

2016 ரியோ ஒலிம்பிக்: இந்த முறை சன் போனார். காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1 என தோல்வி. நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டதை நினைத்து மைதானத்திலேயே கதறி அழுதார்.

2018 ஜூனில் ரஷ்ய உலகக் கோப்பையில் நடப்பு சாம்பியன் ஜெர்மனியை 2-0 என தென் கொரியா வீழ்த்தியபோது, கடைசி கோலை அடித்ததும் சன்தான். உலகமே பாராட்டியது. ஆனால் ராணுவக் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம்!

டோட்டன்ஹாம் போட்ட கணக்கு

2018 ஜூலையில் டோட்டன்ஹாம் சனோடு 2023 வரை புதிய ஒப்பந்தம் போட்டது. ராணுவத்துக்குப் போய்விட்டால் ஒப்பந்தமே வீண். அதனால் சீசன் தொடங்கிய கையோடு அவரை ஆசிய விளையாட்டுக்கு அனுப்ப அணி சம்மதித்தது.

சும்மா சம்மதிக்கவில்லை. பதிலுக்கு, நவம்பர் மாத சர்வதேச ஆட்டங்களுக்கு சனை அழைக்கக் கூடாது, 2019 ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் அவர் வரமாட்டார் என்று கொரிய கால்பந்து சங்கத்தோடு பேசி முடித்தது.

ஆசிய விளையாட்டில் கால்பந்து 23 வயதுக்குட்பட்டோருக்கானது. மூத்த வீரர்கள் மூன்று பேரை மட்டும் சேர்க்கலாம். அந்த மூன்று இடங்களில் ஒன்று சனுக்கு. கேப்டன் பொறுப்பும் அவரிடமே.

போகோரில் நடந்தது என்ன?

தொடக்கமே அதிர்ச்சி. குரூப் சுற்றில் மலேசியாவிடம் 1-2 என தோல்வி. அடுத்த ஆட்டத்தில் கிர்கிஸ்தானை 1-0 என வென்றதால்தான் பிழைத்தார்கள். அந்த ஒரு கோல் சன் அடித்தது. அந்தத் தொடரிலேயே அவர் அடித்த ஒரே கோலும் அதுதான்.

காலிறுதியில் உஸ்பெகிஸ்தானோடு 3-3. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியால் 4-3 என தப்பித்தார்கள். அரையிறுதியில் வியட்நாமை 3-1 என வீழ்த்தினார்கள்.

இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரம் தொடங்கிய மூன்றாவது நிமிடம். பந்து சன் காலில். அப்போது ஓடிவந்த லீ சுங்-வூ அதை வலைக்குள் அடித்தார். 1-0. சிறிது நேரத்தில் சன் தூக்கிக் கொடுத்த ஃப்ரீ கிக்கை ஹ்வாங் ஹீ-சான் தலையால் முட்டி கோலாக்கினார். 2-0. ஜப்பான் ஒரு கோலைத் திருப்பியது, அவ்வளவுதான். 2-1 என தங்கம் தென் கொரியாவுக்கு.

விலக்கு கிடைத்தது சனுக்கு மட்டுமல்ல, 20 பேர் கொண்ட அந்த அணி முழுவதற்கும். பிறகு நேப்போலியோடு இத்தாலி லீக் பட்டம் வென்று பேயர்ன் மியூனிக் போன தடுப்பாட்ட வீரர் கிம் மின்-ஜேவும் அதில் ஒருவர்.

விலக்கு என்றால் முழு விலக்கா?

இல்லை. அடிப்படை ராணுவப் பயிற்சி கட்டாயம். அதோடு 34 மாதங்கள் தன் துறையிலேயே தொடர வேண்டும், 544 மணி நேரம் சமூக சேவையும் செய்ய வேண்டும்.

2020-ல் கொரோனாவால் பிரீமியர் லீக் நின்றபோது, சன் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். ஜெஜு தீவில் கடற்படை வீரர்கள் முகாமில் மூன்று வாரப் பயிற்சி. துப்பாக்கி சுடுவது, கண்ணீர்ப் புகையைத் தாங்குவது, நீண்ட தூரம் நடப்பது எல்லாம் இதில் உண்டு. 157 பேரில் சிறப்பாகச் செய்த ஐந்து பேருக்கு விருது கொடுத்தார்கள். அதில் சனும் ஒருவர்.

அந்தத் தங்கம் கிடைக்காமல் போயிருந்தால்?

சனுக்கு 28 வயது ஆனது 2020 ஜூலையில். அடுத்த இரண்டு சீசன்களில் என்ன நடந்தது என்று பார்த்தாலே அந்தப் பதக்கத்தின் மதிப்பு புரியும்.

2020-21 சீசனில் 17 லீக் கோல்கள். அதில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு. நான்குக்கும் பந்து கொடுத்தவர் ஹாரி கேன். 2021-22 சீசனில் 23 கோல்கள். முகமது சலாவோடு சேர்ந்து கோல்டன் பூட் விருது. பிரீமியர் லீக்கில் அதை வென்ற முதல் ஆசியர். 23-ல் ஒன்றுகூட பெனால்டி கிடையாது.

ராணுவத்தில் இருந்திருந்தால் இந்த 40 கோல்களில் பெரும்பகுதி நடந்தே இருக்காது.

2023 ஏப்ரலில் 100-வது பிரீமியர் லீக் கோல். அதே ஆண்டு ஆகஸ்டில் டோட்டன்ஹாம் கேப்டன்.

இந்த விலக்கு நியாயமா?

தென் கொரியாவிலேயே இந்தக் கேள்வி ஓயவில்லை. 2018-ல் அதே ஆசிய விளையாட்டில் பேஸ்பால் அணியும் தங்கம் வென்றது. ஆனால் ராணுவத்தைத் தவிர்ப்பதற்காகவே சிலரைச் சேர்த்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, பயிற்சியாளர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய விவாதம் பிடிஎஸ் இசைக்குழு பற்றியது. குறிப்பிட்ட சில செவ்வியல் இசைப் போட்டிகளில் ஜெயித்தால் விலக்கு உண்டு. ஆனால் உலகம் முழுக்க ரசிகர்களைக் கொண்ட பாப் பாடகர்களுக்குக் கிடையாது. சட்டத் திருத்தத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கால நீட்டிப்பு மட்டுமே. ஏழு பேரும் சேவைக்குப் போய் 2025 ஜூனில்தான் எல்லோரும் முடித்து வந்தார்கள்.

ஒரே ஆட்டத்தின் முடிவு ஒருவரை விடுவிக்கிறது, இன்னொருவரை முகாமுக்கு அனுப்புகிறது. வெள்ளி வாங்கியவர் உழைப்பு குறைவா என்ற கேள்விக்கு இந்த விதியில் பதில் இல்லை.

கடைசியில் கோப்பை கிடைத்ததா?

தங்கம் கிடைத்தும், கிளப் கோப்பை மட்டும் சனுக்கு எட்டாமலே இருந்தது. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலிடம் தோல்வி. 2021 லீக் கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோல்வி. இரண்டு முறையும் வெறுங்கை.

2025 மே 21-ல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். காயத்திலிருந்து மீண்டிருந்த சன் மாற்று வீரராகத்தான் இறங்கினார். மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்றது டோட்டன்ஹாம். 17 ஆண்டுகளில் அந்த அணிக்கு முதல் கோப்பை. தேசியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார் சன்.

2025 ஆகஸ்டில் 454 ஆட்டங்கள், 173 கோல்களோடு டோட்டன்ஹாமுக்கு விடை கொடுத்தார். கடைசி ஆட்டம் சியோலில், சொந்த ரசிகர்கள் முன்னால். பிறகு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்சி. கொரியாவுக்கு வெளியே கொரியர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஒன்று அது. அக்டோபரில் தென் கொரியாவுக்காக 137-வது ஆட்டம் ஆடி, சா பும்-குன் உள்ளிட்டோரின் சாதனையைத் தாண்டினார்.

அடுத்த தலைமுறைக்கும் இதே விதிதான்

2023-ல் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. இறுதியில் மறுபடியும் ஜப்பான், மறுபடியும் 2-1, மறுபடியும் தங்கம். இந்த முறை விலக்கு பெற்றவர்களில் ஒருவர் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் வீரர் லீ காங்-இன்.

வெளிநாட்டில் ஆடும் ஒவ்வொரு கொரிய இளைஞருக்கும் ஒப்பந்தத் தேதியோடு இன்னொரு தேதியும் மனதில் இருக்கும். அது அவரது 28-வது பிறந்தநாள்.