நாட்டவை கூடிய இடம்

கொல்லிமலை என்றவுடன் மாணவர் பலருக்கும் வல்வில் ஓரியின் பெயரே முதற்கண் நினைவுக்கு வரும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனுக்கு மலைமேல் செம்மேட்டில் சிலை நிற்கிறது. ஆடித் திங்களில் விழாவும் எடுக்கப்படுகிறது. அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் காணச் செல்வோரும் பலர். ஆயினும், அதே செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவோர் மிகச் சிலரே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவேயாகும். அஃது அரசர் எடுப்பித்த அரண்மனையன்று. சிற்பமும் கோபுரமும் உடையதுமன்று. எனினும், அதன் பின்னே நிற்கும் வரலாறு மிகப் பழமையானது.

அவ்வொன்றியத்தில் அடங்கிய 14 ஊராட்சிகளின் பெயர்ப் பட்டியலை முதன்முறையாகப் படித்தபொழுது நான் பெரிதும் வியந்தேன். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புளி நாடு, அரியூர் நாடு என்று அத்தனை பெயர்களும் ‘நாடு’ என்றே முடிகின்றன. சோழர் காலத்தில் ஊர்கள் பல சேர்ந்தது நாடு எனப்பட்டது. நாடுகள் பல சேர்ந்தது வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். நாட்டின் பொதுக் காரியங்களைக் கூடி முடிவு செய்தோரை ‘நாட்டார்’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. சமவெளியில் அப்பிரிவுகள் மறைந்து, பிர்க்காவும் தாலுகாவும் ஜில்லாவும் வந்துவிட்டன. மலையிலோ அச்சொல் அழியாமல் நின்று, இன்றைய ஊராட்சியின் பெயர்ப் பலகையிலும் ஏறிவிட்டது.

பெயர் மட்டுமா நின்றது? முறையும் நின்றது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஊருக்கு ஊர்க்கவுண்டரும் நாட்டுக்குப் பட்டக்காரரும் தலைமை தாங்கினர். நில எல்லை, மணவினை, திருவிழா ஆகியவற்றைப் பற்றிய வழக்குகளைப் பெரியோர் கூடிப் பேசித் தீர்த்தனர். அவ்வவைக்கென்று மாளிகை ஏதும் இல்லை. கூடிய மக்களே மன்றம். கூடிய இடமே தலைமையகம். ஆயினும் இதனைக் குறையற்ற பொற்காலம் என்று நான் கூற மாட்டேன். தலைமை குடிவழியாக வந்தது. பெண்களுக்கு அவையில் இருக்கை இல்லை. நன்மையையும் குறையையும் ஒருங்கே காண்பதுதான் வரலாறு கற்பதன் பயன் அன்றோ!

மலையில் கட்டடம் இல்லாத அவை இருந்தது என்றால், கட்டடமே சட்டநூலாகிவிட்ட அவையொன்று சமவெளியில் இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய குடவோலைத் தேர்தல் விதிகளைச் சபை கூடும் மண்டபத்தின் சுவரிலேயே பொறித்து வைத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிடத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஆண்டு வாரியம் எனத் தனித்தனிக் குழுக்களும் இருந்தன. அதுவும் அந்தணர் சபையே. நிலமும் கல்வியும் உடையோருக்கு மட்டுமே உரியது. ஆனால், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறியைக் கூடுமிடத்தின் சுவரிலேயே எழுதி வைத்த நேர்மை நம் உள்ளத்தைத் தொடுகிறது.

இனி, ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு உள்ளூர் ஆட்சியைப் பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். 1884இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் சட்டத்தால் அமைந்தன. அப்பிரபுவின் பெயரால் சென்னை மாநகராட்சிக்கு 1909இல் கடைக்கால் இட்டு, ஏறத்தாழ ஏழரை இலட்சம் ரூபாய்ச் செலவில் எடுத்த வெண்ணிற மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. ஆனால் மலைமக்களுக்கு அக்காலத்துப் போர்டுகள் எட்டாத தொலைவிலேயே இருந்தன. மோட்டார்ச் சாலை அமையாத நாளில், விண்ணப்பம் ஒன்றைக் கொடுக்கவும் காட்டுப்பாதை வழியே நடந்து அடிவாரம் இறங்க வேண்டும். மீண்டும் ஏற வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இன்றைய சாலையில் செல்வோர் அந்நாளைய அருமையை எண்ணிப் பார்க்கலாம்.

விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் வந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் மாநிலமெங்கும் ஊராட்சி ஒன்றியங்கள் படிப்படியாக அமைக்கப்பட்டன. ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினராவர் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. தொடக்கப் பள்ளி, குடிநீர்க் கிணறு, சாலை ஆகியவை ஒன்றியத்தின் பொறுப்பாயின. கொல்லிமலைக்கெனத் தனி ஒன்றியம் அமைந்து, செம்மேடு அதன் தலைமையிடமாயிற்று. விண்ணப்பத்துடன் மலையிறங்கிய மக்களை நோக்கி ஆட்சியே மலையேறி வந்தது எனலாம். நாடுகளின் பேராளர் ஒரு கூரையின்கீழ் அமர வழி பிறந்தது. இதுவே அக்கட்டடத்தின் உண்மையான பெருமை.

ஆனால் வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. தமிழகத்தில் 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின், அடுத்த தேர்தல் 1986இல்தான் நடந்தது. அதன் பதவிக்காலம் 1991இல் முடிந்த பின், 1996 வரை மீண்டும் தேர்தல் இல்லை. உறுப்பினர் இல்லாத காலங்களில் தனி அலுவலர்கள் நிருவாகம் செய்தனர். அலுவலகம் திறந்திருந்தது, கோப்புகள் நகர்ந்தன, சம்பளப் பட்டியல் எழுதப்பட்டது. அவை மட்டும் கூடவில்லை. தலைநகரின் ரிப்பன் மாளிகைக்கும் இதே நிலைதான். அங்கே 1973 முதல் 1996 வரை மன்றம் இல்லை. முன்பு கட்டடமின்றி அவை இருந்தது. பின்பு அவையின்றிக் கட்டடம் இருந்தது. இவ்விரண்டில் எது பெரிய வறுமை என்பதை மாணவர்கள் தாமே ஆராய்ந்து கொள்ளட்டும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கடமையாக்கின. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. பழைய நாட்டவையில் இருக்கை பெறாத மலைமகளிர் தலைவர் நாற்காலியில் அமரும் உரிமை பெற்றனர். எனினும் 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்ததும், நிருவாகம் மீண்டும் தனி அலுவலரிடம் சென்றது. மேலும், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழகத்தின் எப்பகுதியும் சேர்க்கப்படாமையால், பழங்குடியினரின் கிராம சபைகளுக்குச் சிறப்பதிகாரம் வழங்கும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கொல்லிமலைக்குப் பொருந்துவதில்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! வாக்காளர் பட்டியலில் பெயருடைய ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிராம சபையின் உறுப்பினரே. குடியரசு நாளன்றும், மே முதல் நாளன்றும், விடுதலை நாளன்றும், காந்தியடிகள் பிறந்த நாளன்றும் அது கூட வேண்டும் என்பது ஏற்பாடு. பதினெட்டு வயது நிரம்பியதும் உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சபைக்குச் சென்று, வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சுவர் பழுதுற்றால் கொத்தனார் வந்து செப்பனிடுவார். அவை வெறுமையுற்றால் அதனை நிரப்பக் குடிமக்களாகிய நம்மையன்றி வேறெவரும் இல்லை.